கல்லில் ஏறிய அஞ்சு நிமிஷம்

யார் வீட்டுக் குழாய் ஒழுகினாலும் அந்தப் பிளம்பரைத்தான் கூப்பிடுவார்கள். "அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்" என்பார். வந்து சேரும்போது பொழுது சாய்ந்திருக்கும். பொய் சொல்கிற ஆள் இல்லை. வழியில் யாராவது "அண்ணே, சிங்க் அடைச்சுக்கிச்சு" என்றால் போதும், அங்கேயே உட்கார்ந்துவிடுவார். தன் கல்யாணத்துக்கே ஈரக் கால்சட்டையோடு ஓடி வந்தவர். காத்திருந்த மணப்பெண்ணுக்கு அதுவரை அழுகை முட்டிக்கொண்டு நின்றது. அந்தக் கோலத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

அவள் தையல்காரி. அவர் சொல்லும் அஞ்சு நிமிஷத்தில் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்து, பட்டன் வைத்து, இஸ்திரியும் போட்டுவிடலாம் என்று கணக்கு வைத்திருந்தாள். கோபித்து அலுத்துப்போய், பிறகு கோபிப்பதையே விட்டுவிட்டாள்.

போன மழைக்காலத்தில் நெஞ்சுவலி என்று படுத்தவர் விடிவதற்குள் போய்விட்டார். அதில் மட்டும் அவருக்கு அப்படி ஓர் அவசரம்.

கல்லறைக்குக் கல் வைக்கும் பேச்சு வந்தது. அவருடைய அக்கா, பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், "'அன்பின் இருப்பிடம், பண்பின் பிறப்பிடம்'னு போட்டுடு" என்றார். தையல்காரி தலையை ஆட்டிவிட்டு, கல் செதுக்குகிறவரிடம் போய் வேறொன்றைச் சொன்னாள்.

"நல்லா யோசிச்சீங்களாம்மா? கல்லுல ஏறினா அழிக்க முடியாது."

"கல்யாணம் ஆன நாள்லேருந்து யோசிச்சாச்சு. நீங்க செதுக்குங்க."

கல் நட்ட மறுநாள் நாத்தனாரை அழைத்துப் போனாள். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார். பெயருக்குக் கீழே பெரிதாக இருந்தது: 'அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்.'

"என்னடி இது கூத்து? நாலு பேரு பார்த்தா சிரிக்க மாட்டாங்க?"

"சிரிக்கட்டுமே அண்ணி. அவரைப் பார்த்து அழுதவங்க யாரு? குழாய் வெடிச்சவங்கதான்."

அதற்குள் பக்கத்துக் கல்லறையில் பூ வைத்துக்கொண்டிருந்த ஒருவர் எட்டிப் பார்த்துப் படித்தார். பொத்துக்கொண்டு வந்த சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்தினார். "மன்னிச்சுக்கங்கம்மா. எங்க மாடிக் குழாய்க்கும் இதையேதான் சொன்னாரு. இன்னும் சொட்டுது."

நாத்தனார் உதட்டை இறுக்கிப் பார்த்தார். தாங்கவில்லை. "உப்பு வாங்கிட்டு வாடான்னா சாயங்காலம் வருவான், படுபாவி" என்றவர் சிரித்தார், சிரிப்போடு கண்ணீரும் வந்தது. தையல்காரி தன் முந்தானையை நீட்டினாள். இருவரும் அங்கேயே புல்லில் உட்கார்ந்து, அவர் தாமதமாக வந்த கதைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்கள். பூ வைக்க வந்தவரும் நின்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

திரும்பும் வழியில் நாத்தனார் மெல்லக் கேட்டார்: "சரி, எனக்கு என்ன போடுவே?"

"'கிளாஸ்ல யாரது பேசறது?'"

நாத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பேருந்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் சொன்னார்:

"போடறதுதான் போடறே, எழுத்துப் பிழையில்லாம போடச் சொல்லு."