இரண்டு சுற்றுத் தண்ணீர்

பதினோரு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இனிப் பொறுக்க முடியாது என்று எழுதினால் வீரமாகத் தெரியும். அப்படியெல்லாம் இல்லை. மூடிக்கொண்டே இருப்பது அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

குருசாமி அண்ணன் இறந்துவிட்டார். தோளில் நீண்ட இரும்புச் சாவியோடு சைக்கிளில் வந்து, தெருமுனைக் குழியின் மூடியைத் தூக்கி, வால்வைத் திறந்து உங்களுக்கு இருபத்தாறு வருடம் குடிதண்ணீர் விட்டவர். நான் அதே குடிநீர்ப் பிரிவில் பொறியாளனாக இருந்தவன். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து ஊர்கள் பலவற்றில் வேலை பார்த்திருக்கிறேன். இது எந்த ஊரில் நடந்தது என்று எழுதப்போவதில்லை. அவரை அறிந்தவர்களுக்கு அது தேவையில்லை.

சேதி வந்தபோது பிளவக்கல் அணைக்கரையில் நின்றுகொண்டிருந்தேன். வெளியூரிலிருந்து வந்த உறவினர்கள் தண்ணீரோடு தங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பழைய அலுவலக நண்பர் போனில் சொன்னார்: "குருசாமி போயிட்டாரு. நெஞ்சு வலின்னு உக்காந்தவருதானாம். நாளைக்குக் காலைல எடுக்காங்க." பிறகு, "நீங்க வருவீகளா?" என்று கேட்டார். வாருங்கள் என்று சொல்லாமல் வருவீர்களா என்று கேட்டதன் காரணம் அவருக்கும் எனக்கும் தெரியும்.

அன்று மாலைக்குள் ஊர் முகநூல் குழுவில் அவர் படம் வந்துவிட்டது. அப்போது எங்கள் மேலதிகாரியாக இருந்து, இப்போது ஓய்வு பெற்று ஊர் மேடைகளில் சால்வை வாங்கிக்கொண்டிருப்பவர், "தண்ணீர்த் தொண்டர்" என்று முதல் அஞ்சலி எழுதியிருந்தார். அதற்குக் கீழே ஒருவர், "மண்டபத்துக்குத் தண்ணி வித்தவர்தானே?" என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே நாற்பது பேர் சிரித்திருந்தார்கள். மேலதிகாரி அதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. அதற்கு அவர் பதில் எழுதவில்லை. பதிலை அறிந்த இன்னொருவன் நான். நானும் எழுதவில்லை.

அவரை நான் முதலில் வெறுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு தெருவில் குழாய் உடைந்து சாலை ஈரமாகவே இருந்தது. நான் அலுவலக வரைபடத்தை விரித்து ஓரிடத்தைக் காட்டித் தோண்டச் சொன்னேன். இரண்டு நாள் தோண்டினார்கள். குழாயே அங்கே இல்லை. மூன்றாம் நாள் குருசாமி தன் இரும்புச் சாவியை வால்வின் தலையில் ஊன்றி, அதன் மேல்முனையில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் குனிந்து நின்றார். பிறகு பதினைந்து அடி தள்ளிக் காலால் ஒரு கோடு கிழித்தார். அங்கே தோண்டியதும் தண்ணீர் பீய்ச்சியடித்தது. "பைப்பு நம்ம மேப்பப் பாத்துப் போகாது சார்" என்றார். சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். அடுத்த வாரம், பணிப் பதிவேட்டைச் சரியாக எழுதவில்லை என்று அவருக்கு ஒரு குறிப்பாணை கொடுத்தேன். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "டீ குடிக்கீகளா சார்?" என்றார்.

மழை பொய்த்த வருடங்களில் தெருவுக்கு எட்டு நாளுக்கு ஒரு முறைதான் தண்ணீர். எந்த வால்வை எத்தனை சுற்று திறந்தால் எந்தத் தெருவின் கடைசி வீடு வரை ஏறும் என்பது அவர் தலையில் மட்டுமே இருந்தது. அவர் சொல்லச் சொல்ல நான் ஒரு மாதம் உட்கார்ந்து அதை முறைப்பட்டியலாக எழுதினேன். மேலதிகாரி அட்டையை மாற்றித் தன் பெயரைப் போட்டுச் சென்னைக்கு அனுப்பிப் பாராட்டுக் கடிதம் வாங்கினார். அந்தக் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை. குருசாமிக்கு அது வேடிக்கையாக இருந்தது. "அவரு பேரப் போட்டா தண்ணி அவரு வீட்டுக்கா போயிரும்? விடுங்க சார். நாளைக்கு மேட்டுத் தெரு மொறை. அதப் பாப்போம்."

ஆனால் பட்டியலில் எழுதக் கூடாது என்று அவர் சொன்ன ஒன்று உண்டு. ஒரு தெருவில் துட்டி விழுந்தால், அன்று அந்தத் தெருவின் முறையாக இல்லாவிட்டாலும் வால்வை இரண்டு சுற்று திறந்து அரை மணி நேரம் தண்ணீர் விடுவார். பிணத்தைக் குளிப்பாட்ட, தூக்கிப் போனபின் வீட்டைக் கழுவிவிட. அதற்கு மேல் ஒரு நிமிடமும் கிடையாது. அவருக்கு முன்னால் அந்தச் சாவியைப் பிடித்தவர்களும் இப்படியே செய்ததாகச் சொன்னார். விதியில் இதற்கு இடமில்லையே என்றேன்.

"செத்தவரு மொறை நாள் பாத்தா செத்தாரு? ரெண்டு சுத்து சார். எழுதுனா நாலு பேரு கேப்பான். எழுதாம விட்டா ஒருத்தனும் கேக்க மாட்டான்."

ஊரில் அது எல்லோருக்கும் தெரியும். யாரும் அவரிடம் போய்க் கேட்டதில்லை. துட்டிக்கு ஆள் அனுப்புகிறவர்கள் அவர் காதிலும் விழும்படி சொல்லிவைப்பார்கள். பணக்கார வீடா, குடிசையா, எந்தச் சாதித் தெரு என்று அவர் பார்த்ததில்லை. இந்த ஊரில் அப்படிப் பார்க்காத ஆட்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். கை விரல்கள் மிஞ்சும்.

என் அப்பா இறந்த நாளுக்கு வருகிறேன்.

அதிகாலையில் உயிர் போனது. எங்கள் தெரு பள்ளத்தில் இருந்தது. முறை வர இன்னும் நான்கு நாள். அன்று மேட்டுத் தெருவின் முறை. தொட்டியிலிருந்து வரும் பெரிய குழாய் எங்கள் தெருவைத் தாண்டித்தான் மேட்டுக்கு ஏறுகிறது. பள்ளத்தில் திறந்தால் மேட்டில் வேகம் குறையும். குழாய்களைப் படித்தவன் நான், இது எனக்குத் தெரியும். ஏழு மணிக்குக் குருசாமி வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். வெளியே வந்து என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்.

"நீர்மாலைக்கு எப்ப சார் எடுக்காங்க?"

"ஒன்பதரைக்குண்ணே."

"சரி."

நான் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஒன்பதரை மணிக்கு, அப்பாவைக் குளிப்பாட்டும் நீர்மாலைத் தண்ணீர் எடுக்க, மேளத்தோடு குடங்களைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனோம். தண்ணீர் வந்தது. ஆனால் நூல் போல வந்தது. அதே தெருவில் ஒரு கல்யாண மண்டபம். அன்று முகூர்த்த நாள். குருசாமி அதை மறந்துவிட்டார். எல்லாச் சுற்றுகளும் மனப்பாடமாக இருந்த மனிதர் தன் வாழ்க்கையில் மறந்தது அந்த ஒன்றைத்தான். மண்டபத்துக்காரர்கள் குழாயில் நேரடியாக மோட்டாரை வைத்து உறிஞ்சித் தரைத் தொட்டியை நிரப்பினார்கள். எங்கள் குடங்கள் நிறையாததைக் கண்டு அவர் வால்வை அடைக்காமல் காத்திருந்தார். அரை மணி ஒன்றரை மணி ஆனது. மேட்டுத் தெருவில் ஒரு சொட்டு ஏறவில்லை.

அப்பாவைக் குளிப்பாட்டினோம். தூக்கினோம். மயானத்துக்குப் போகும் வழியில் சாலையை மறித்துக் காலிக் குடங்கள் வரிசையாக நின்றன. பிணம் வருவதைப் பார்த்ததும் பெண்கள் குடங்களை ஒதுக்கி வழிவிட்டார்கள். எல்லோருக்கும் முன்னால் நின்றவர் குருசாமியின் மனைவி பேச்சியம்மாள். ஏனென்றால் குருசாமியின் வீடு அந்த மேட்டுத் தெருவின் கடைசி வீடு. எங்கள் பாடை அவரைத் தாண்டியதும் அவர் குரல் பின்னாலிருந்து கேட்டது:

"ஏட்டி, கொடத்த வைங்கட்டி மறுபடி! ஊருக்கே தண்ணி விடுதவரு பொண்டாட்டி நான், எட்டு நாளா வெறுங் கொடத்தத் தூக்கிட்டு அலையுதேன். அந்த மனுசன் வரட்டும் இன்னைக்கு!"

கொள்ளிச்சட்டி என் கையில் இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் பேச்சு மண்டபத்தைப் பற்றியே இருந்தது. கல்யாணக் கூட்டம் குளித்ததைப் பார்த்தவர்கள் பலர். மண்டபத்துக்கு விற்றுவிட்டார் என்று அவருடைய தெருக்காரர்களே சொன்னார்கள். மனு போனது, விசாரணை வந்தது. என் தலையில் மயிர் இன்னும் முளைக்கவில்லை. மேலதிகாரி என்னை அறைக்குக் கூப்பிட்டார். "ஒங்க வீட்டுக் காரியத்த இதுல இழுக்க வேண்டாம். ஒரு வரி எழுதிக் குடுங்க, போதும்" என்றார். எழுதினேன். "மேற்படி வால்வைத் திறக்கும்படி நான் யாருக்கும் உத்தரவிடவில்லை." ஒவ்வொரு சொல்லும் உண்மை. கீழே கையெழுத்திட்டேன்.

மோட்டாரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மண்டபம் யாருடையது என்று உங்களுக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

குருசாமியைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். ஏன் திறந்தாய் என்று விசாரணையில் கேட்டதற்கு, "மறதியாத் தெறந்துட்டேன்" என்று மட்டும் சொன்னாராம். ஆறு மாதம் கழித்துத் திரும்ப எடுத்தபோது சாவியைக் கொடுக்கவில்லை. உரக்கிடங்குக்குக் காவலாக அனுப்பினார்கள். எனக்கு வேறு ஊருக்குப் பதவி உயர்வோடு மாற்றல் வந்தது.

கிளம்புவதற்கு முன் ஒருநாள் உரக்கிடங்குக்குப் போனேன். குப்பை மேட்டுக்கு நடுவில் ஒரு வேப்பங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். துட்டிக்காகத் திறந்தேன் என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். என்னைக் காட்டிக்கொடுக்காதவர் மேல் எனக்கு என்ன கோபம் என்று இன்று வரை விளங்கவில்லை.

"சொல்லிருந்தா ஒங்க அப்பாவக் குளிப்பாட்டுன தண்ணி திருட்டுத் தண்ணி ஆயிரும்ல சார்" என்றார். "செத்தவரு மேல எதுக்கு அது?"

பிறகு, "அந்தக் கெழக்குத் தெரு வால்வு பன்னெண்டு சுத்துக்கு மேல போகாது. புதுசா வாரவன்கிட்ட சொல்லிருங்க. முறுக்கி ஒடச்சிருவான்" என்றார். நான் சொல்லவில்லை. உடைத்துவிட்டார்கள். ஒரு மாதம் அந்தத் தெரு லாரித் தண்ணீர் குடித்தது.

இப்போது எல்லாம் மாறிவிட்டது. புதிய திட்டம் வந்து எல்லாத் தெருவையும் தோண்டினார்கள். மோட்டார் வால்வுகள், கணினித் திரை, செல்போனில் முறை பார்க்கும் செயலி. நானும் அந்தக் கூட்டங்களில் உட்கார்ந்து தலையாட்டியவன்தான். மேட்டுத் தெருவுக்கு இன்றும் கடைசியாகத்தான் ஏறுகிறது.

அவரை எடுத்த நாள் காலையில் போனேன். மேட்டுத் தெருவுக்கு முறை வர இன்னும் மூன்று நாள் இருந்தது. தெருக்குழாயை யாரோ திறந்து பார்த்துவிட்டு விட்டுப்போயிருந்தார்கள், காற்று சீறியது. நான் புகார் எண்ணுக்குப் போன் செய்தேன். பதவியைச் சொன்னேன். துட்டி வீடு என்றும் சொன்னேன்.

"சிஸ்டத்துல வெள்ளிக்கிழமைதான் சார் காட்டுது."

"ஒரு அரை மணி நேரம் திறக்க முடியாதாப்பா?"

"இங்கருந்து தெறந்தா ரெக்கார்டு ஆயிரும் சார். ரைட்டிங்ல குடுத்தீங்கன்னா மேல கேட்டுச் சொல்லுதேன்."

எழுதிக் கொடுக்கச் சொன்னார். நான் போனை வைத்துவிட்டேன். கடைசியில் தனியார் லாரி ஒன்று வந்தது. ரப்பர் குழாயிலிருந்து குடங்களில் பிடித்து, அதையே நீர்மாலை என்று கொண்டுபோனார்கள்.

பேச்சியம்மாள் என்னைப் பார்த்ததும் அழுகையை நிறுத்தினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"வாங்க சார். ஒங்க அப்பாவுக்கு அவிய தண்ணி விட்டாக. அவியளுக்கு விட ஆளு இல்லாமப் போச்சு, பாத்தீகளா."

"உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"அவிய சொல்லல. ஒரு நாளும் சொல்லல. கொடத்த வச்சிக்கிட்டு ரோட்டுல நிக்கேன், ஒங்க அப்பாவத் தூக்கிட்டு வாரீக. நனஞ்ச சேலத் தலப்பு மாதிரிப் பாடைல இருந்து தண்ணி சொட்டுது. கத்தி முடிச்ச பொறவுதான் அது எனக்கு விளங்கிச்சு. அதுக்குள்ள வாயத் தொறந்துட்டேன்ல, எல்லாருக்கும் முன்னால. பொறவு என்னத்தச் சொல்ல? மொதக் கொடத்த வச்சவ நான்தான சார்."

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அவியளக் களவாணின்னு போன்ல போட்டிருக்காங்களாம். மக வாசிச்சிக் காட்டுனா. அது அப்படி இல்லன்னு யாராச்சும் போடுவீகளா?"

போடுகிறேன் என்று சொன்னேன். அதன்பின் ஒன்பது நாள் போடாமல் இருந்தேன். எனக்கு இன்னும் ஆறு வருட வேலை இருக்கிறது. மேலதிகாரியின் மருமகன் இப்போது என் துறையில் பெரிய இடத்தில் இருக்கிறார். இவையெல்லாம் காரணங்கள்தான், சொல்லிக்கொள்ளும்படியான காரணங்கள் அல்ல.

எனவே எழுதுகிறேன். குருசாமி தண்ணீரை விற்கவில்லை. என் அப்பாவைக் குளிப்பாட்டத் திறந்தார். தன் தெருவும் தன் வீடும் காயும் என்று தெரிந்தே திறந்தார். மண்டபம் உறிஞ்சியது அவருக்குத் தெரியாமல் நடந்தது. அந்தக் கேள்வி கேட்டவரும், சிரித்த நாற்பது பேரும் இதைப் படிக்க வேண்டும். உங்களில் பலர் வீட்டுத் துட்டிக்கும் அவர் இரண்டு சுற்று திறந்திருக்கிறார். அதை நீங்களும் வெளியில் சொல்லவில்லை.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்த இரண்டு சுற்றுதான். வீட்டில் குழாயைத் திறக்கும்போது கை தானாக எண்ணுகிறது. ஒன்று, இரண்டு. நின்றுவிடுகிறது.

பெயர் போடாமலே இதைக் குழுவில் போடுகிறேன். பேச்சியம்மாள் கேட்டது யாராவது போடுவீர்களா என்றுதான். அந்த யாரோ ஒருவனாக இருந்துவிட்டுப் போகிறேன். என் கையெழுத்துதான் வேண்டும் என்பவர்களுக்கு, அது அந்த விசாரணைக் கோப்பில் ஏற்கெனவே இருக்கிறது.