பின் சீட் இல்லாத கார்

பிஸ்கட் தொழிற்சாலையில் அவருக்கு வேலை, பாக்கெட்டில் இரண்டு கிராம் கூடிப்போகாமல் பார்த்துக்கொள்வது. குறைந்தால் வாங்கியவர் சண்டைக்கு வருவார். கூடினால் யாரும் வரமாட்டார்கள், நன்றி சொல்லக்கூட. அதனாலேயே கூடுவதுதான் அவருக்கு அதிக எரிச்சல். பத்தொன்பது வருடம் எடை மேஜை முன்னால் நின்று நின்று, எதைப் பார்த்தாலும் இதில் வேண்டாதது எவ்வளவு என்று கண் தானாகத் தேடும். மனைவியின் கைப்பையைத் தூக்கிப் பார்த்து, இதில் எண்ணூறு கிராம் சும்மா இருக்கிறது என்பார். அவள் அந்த எண்ணூறு கிராமோடுதான் இத்தனை வருடமும் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தாள்.

அந்த வருடம் மூன்றாவது தடவையாகப் பெட்ரோல் விலை ஏறியது. எல்லாரும் திட்டினார்கள், திட்டிக்கொண்டே போட்டுக்கொண்டார்கள். அவர் மட்டும் திட்டவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட. உலகம் கடைசியில் அவருடைய மேஜைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

கார் ஒன்பது வருடம் ஓடியது, சின்னது. ஸ்டியரிங்குக்குப் பின்னால், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று காட்டும் ஒரு சின்ன எண் உண்டு. அதுவரை அதை அவர் கவனித்ததே இல்லை. இப்போது சாலையைவிட அதைத்தான் அதிகம் பார்த்தார். பதினாலு புள்ளி ஒன்று என்றிருந்தது.

ஆரம்பத்தில் செய்ததை யாரும் குறை சொல்ல முடியாது. திங்கட்கிழமைதோறும் டயருக்குக் காற்று. ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் தடவினார். சிக்னல் தூரத்தில் தெரிந்ததுமே காலை எடுத்துவிட்டு உருட்டிக்கொண்டு போனார். டிக்கியில் கிடந்த பழைய பத்திரிகைக் கட்டையும், கம்பி முறிந்த இரண்டு குடைகளையும், யாருக்கோ கொடுக்க வாங்கிக் கொடுக்காமலே போன ஒரு சுவர்க் கடிகாரத்தையும் இறக்கினார். எண் பதினைந்து புள்ளி ஆறுக்கு ஏறியது. அங்கேயே நிறுத்தியிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை.

அடுத்து ஏசியை நிறுத்தினார். ஏசி இல்லையென்றால் கண்ணாடியை இறக்கலாம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இறக்கினால் காற்று உள்ளே புகுந்து காரைப் பின்னுக்கு இழுக்குமாம். ஆகவே கண்ணாடியும் ஏறியே இருந்தது. பதினோராம் வகுப்பு படிக்கும் மகள், பள்ளி வாசலில் இட்டிலிப் பானையிலிருந்து இறங்குகிற மாதிரி இறங்கினாள். நகரத்தின் மறுகோடியில் ஒரு பெட்ரோல் பங்கில் லிட்டருக்குச் சில்லறை குறைவு என்று கேள்விப்பட்டு, வாரத்துக்கு ஒருநாள் அங்கே போய்வந்தார். போக வர இருபத்திரண்டு கிலோமீட்டர் ஆகிறதே என்று தெருமுனை மெக்கானிக் கேட்டதற்கு, அது சோதனை ஓட்டத்தில் சேர்த்தி என்றார். மெக்கானிக் அன்றைக்கு வைத்த பெயர்தான் 'மைலேஜ் சார்'. ஒரு வாரத்தில் தெரு முழுக்க அதுதான் பெயர். அவருக்கு அது பட்டம் மாதிரி இருந்தது.

நாலு பேர் சேர்ந்து ஒரே காரில் போனால் செலவு பிரியும் என்பது உலகறிந்த விஷயம். அவரும் செய்தார். பேக்கிங் பிரிவு மேற்பார்வையாளரும், கணக்குப் பிரிவு அம்மாள் ஒருவரும் சேர்ந்துகொண்டார்கள். பெட்ரோலில் மூன்றில் ஒரு பங்கு ஆளுக்கு. எல்லாம் சுமுகமாகத்தான் போனது, ஒரு புதன்கிழமை எண் புள்ளி மூன்று இறங்கும்வரை. அவர் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார். மேற்பார்வையாளர் நல்ல வாட்டசாட்டமான ஆள். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்கிற குரலில், சார் எத்தனை கிலோ இருப்பீர்கள் என்று கேட்டார். மறுநாளிலிருந்து மேற்பார்வையாளர் கம்பெனி பஸ்ஸுக்குப் போய்விட்டார். இந்த வயதில் தன்னை யாரும் தராசில் ஏற்ற வேண்டாம் என்று கணக்கம்மாளும் போய்விட்டார்.

கம்பெனி பஸ்ஸைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அது தெருமுனையில்தான் நிற்கும், தினமும் காலை ஏழேகாலுக்கு. கட்டணம் கிடையாது. கார் வாங்கிய அன்று அதிலிருந்து இறங்கியவர், பிறகு அதன் படியை மிதிக்கவில்லை. சொந்தக் கார் வைத்திருப்பவன் கம்பெனி பஸ்ஸில் போனால் கார் எதற்கு என்பது அவர் வாதம். யாரும் எதிர்வாதம் செய்யவில்லை.

ஆட்கள் போனபின் பின் சீட் சும்மா கிடந்தது. சும்மா கிடப்பது என்றால் எடை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனரோடு உட்கார்ந்து பின் சீட்டைக் கழற்றினார். உபரி டயர், ஜாக்கி, மிதியடிகள், எல்லாம் இறங்கின. மொத்தம் நாற்பத்தொரு கிலோ. சீட்டைக் கொண்டுவந்து கூடத்துச் சுவரோரம் போட்டார். மகள் அதில் சாய்ந்து படித்துப் பார்த்துவிட்டு, வீட்டில் இருப்பதிலேயே நல்ல சோபா இதுதான் என்றாள். பள்ளிக்கு இனி பஸ்ஸில் போய்க்கொள்வதாகவும் சொன்னாள். அதில் காற்றாவது வரும்.

கடைசியில் வந்ததுதான் தள்ளுவது. குளிர்ந்த எஞ்சின் முதல் சில நிமிடம்தான் அதிகம் குடிக்கும் என்று எங்கேயோ பார்த்திருந்தார். வீட்டிலிருந்து எண்பதடி தூரத்தில் தெரு சரியத் தொடங்கி மெயின் ரோடு வரை இறங்கும். எனவே காலையில் ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்துவைத்து, ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு தோள் கதவுச் சட்டத்தில், சரிவு வரைக்கும் தள்ளுவார். பிறகு தாவி ஏறி உருட்டிக்கொண்டே இறங்கி, கீழே போய் சாவியைத் திருப்புவார். மனைவி இரண்டு பைகளோடு முன்னால் நடந்து போய் அடிவாரத்தில் ஏறிக்கொள்ள வேண்டும். எதிர்வீட்டுக்காரர் முதல் நாள் பாட்டரி போய்விட்டதாக்கும் என்று ஓடிவந்து கை கொடுத்தார். இரண்டாம் நாளும் வந்தார். மூன்றாம் நாள் விஷயம் தெரிந்து, கேட்டைச் சாத்திக்கொண்டார்.

எண் பதினேழு புள்ளி ஒன்பது ஆயிற்று. எட்டு மாத உழைப்பு. அதைப் படம் எடுத்து உறவினர்கள் எல்லாருக்கும் அனுப்பினார். மச்சான் ஒருவர் மட்டும் கட்டைவிரலை உயர்த்திப் பதில் போட்டார்.

மனைவி ஒரு ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். நரம்பே தெரியாத கையில்கூட ஒரே குத்தில் ரத்தம் எடுத்துவிடுவாள் என்று பெயர். ஆஸ்பத்திரி ஊருக்கு வெளியே புதிதாக ஒரு லேப் திறக்கப்போகிறது. அதற்குப் பொறுப்பாளர் பதவி, அவளுக்கு. ஆனால் காலை ஆறு மணிக்குக் கதவைத் திறக்க வேண்டும். அந்தப் பக்கம் முதல் பஸ் ஆறே முக்காலுக்குத்தான். தானாக வந்துசேர வழி இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சரி என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அவளைவிடப் பதினொரு வருடம் இளையவரான, சொந்தமாக ஸ்கூட்டர் வைத்திருக்கும் ஒருவருக்குப் போய்விடும்.

லைசென்ஸ் அவளிடம் ஏற்கெனவே இருந்தது. அதை எடுப்பதற்காகச் சில மாதங்களுக்கு முன், முதலில் அவரிடம்தான் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டாள். கற்றுக்கொள்பவர்கள் ஃபர்ஸ்ட் கியரிலேயே ஊர்வார்கள், அதுதான் இருப்பதிலேயே குடிகார கியர் என்று மறுத்துவிட்டார். டிரைவிங் ஸ்கூலில் சேரப்போகிறேன் என்றாள். அதற்கு அவர் கேட்டது ஒரே கேள்வி.

"யாரோட பெட்ரோல்?"

"ஸ்கூல் பெட்ரோல்."

"அப்ப தாராளமா சேரு."

சேர்ந்தாள். தேறினாள். ஆனால் வீட்டுக் காரில் அவளுடைய இடம் அடிவாரத்தில் ஏறுகிற சீட்டோடு நின்றது.

புதன்கிழமை ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் காரைக் கேட்டாள். கம்பெனி பஸ் இருக்கிறதே என்பதையும் சேர்த்துச் சொன்னாள். அவர் பஸ் விஷயத்தைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"நீ ஓட்டினா பதிமூணுக்கு எறங்கிடும்" என்றார்.

"எறங்கினா என்னங்க?"

"என்னவா? மறுபடி ஏத்த எட்டு மாசம் ஆகும்."

"எனக்கு ஏற இருபத்திரண்டு வருஷம் ஆச்சு."

அவர் கொஞ்சம் யோசித்தார். அந்தப் பக்கம் போகிற யாருடனாவது சேர்ந்து போனால் செலவும் பிரியுமே என்று வழி சொன்னார்.

"காலைல அஞ்சரைக்கு, என் வெயிட்டைக் கேக்காத ஆளா ஒருத்தரைப் பாத்துச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள்.

சோபாவில், அதாவது பின் சீட்டில், படித்துக்கொண்டிருந்த மகள் புத்தகத்தை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

மறுநாள் விடியற்காலை தூறல் போட்டிருந்தது. தெரு ஈரம். வழக்கம்போல மனைவி பைகளோடு முன்னால் நடக்க, அவர் தள்ளிக்கொண்டு வந்தார். சரிவின் விளிம்புக்கு வந்து, தாவி ஏறுவதற்காக உடம்பைத் திருப்பினார். செருப்பு வழுக்கியது. இடுப்பில் ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டது. ஏறவும் முடியவில்லை, நிமிரவும் முடியவில்லை. கதவைப் பிடித்தபடி பாதி மடிந்து நின்றவரைக் கார் தன்போக்கில் இழுத்துக்கொண்டு இறங்கத் தொடங்கியது. "ம்மா" என்று ஒரு சத்தம் வந்தது. அவளைக் கூப்பிட்டாரா வலியைச் சொன்னாரா தெரியவில்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். பைகளைப் போட்டுவிட்டு மேலே ஓடி, மறுபக்கக் கதவைத் திறந்து பாய்ந்து உள்ளே விழுந்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். கார் தெருவோர மின்கம்பத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. டிரைவிங் ஸ்கூலில் முதல் பாடமே நிறுத்துவதுதான். அவள் வீட்டுக்காரர் அந்தப் பாடத்தை எட்டு மாதமாக எஞ்சினுக்கு மட்டும்தான் நடத்திக்கொண்டிருந்தார்.

உட்கார முடியாது, படுக்கத்தான் முடியும் என்று தெரிந்தது. எதிர்வீட்டுக்காரர் கேட்டைத் திறந்துகொண்டு வந்து ஒரு பக்கம் பிடித்தார். பின்கதவைத் திறந்த பிறகுதான் எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. உள்ளே வெறும் தகரம். சீட்டைப் பிடித்திருந்த இரண்டு இரும்புக் கொக்கிகள், முள் மாதிரி நீட்டிக்கொண்டு. எதிர்வீட்டுக்காரர் போய் ஒரு பழைய போர்வையைக் கொண்டுவந்து விரித்தார். மகள் வீட்டிலிருந்து தலையணையோடு ஓடிவந்தாள்.

"அப்பா, இது அரை கிலோ இருக்கும். பரவாயில்லையா?"

மனைவி ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்து, சீட்டை முன்னுக்கு இழுத்து, கண்ணாடியைச் சரிசெய்து, சாவியை அங்கேயே திருப்பினாள். சரிவின் உச்சியிலேயே. பின்னால் தரையிலிருந்து ஒரு முனகல் வந்தது. கீழே போய்த் திருப்பியிருக்கலாமே என்ற அர்த்தத்தில்.

ஆஸ்பத்திரி வரை அவர் பேசிக்கொண்டே வந்தார். கிளட்ச் மேலே காலை வைக்காதே, சிக்னலில் அணைத்துவிடு, முன்னால் போகிற லாரியைத் தாண்டாதே. மல்லாந்து படுத்திருந்ததால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் காரின் கூரையும் ஜன்னலில் ஓடும் மின்கம்பிகளும்தான். லாரி இருப்பது எப்படித் தெரிந்தது என்று அவள் கேட்கவில்லை. ஒவ்வொரு மேட்டுக்கும் கொக்கி அவர் விலாவில் இடித்தது. பாதி வழியில் பொறுக்க முடியாமல் கேட்டார்.

"எவ்வளவு காட்டுது?"

"வலி எப்படி இருக்குங்க?"

"அது கெடக்கு. நம்பர் எவ்வளவு?"

சிக்னலில் கார் நின்றது. ஒரு சின்ன 'பீப்' சத்தம் கேட்டது.

"என்னத்த அமுக்கின?"

"நம்பரைத்தான். உங்களை உள்ள படுக்க வச்சுட்டு புது லேப் வரைக்கும் ஒரு நடை போய்ப் பாக்கப் போறேன். எவ்வளவு குடிக்குதுன்னு தெரிய வேணாமா? அதான் சைபர் பண்ணிட்டேன்."

பதினேழு புள்ளி ஒன்பது. எட்டு மாதம். பின்னாலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து ஸ்கூட்டர்காரர் திரும்பிப் பார்த்தார்.

டாக்டர் மூன்று வாரம் படுக்கை என்றார். பிறகும் ஒரு மாதம் கார் ஓட்டக்கூடாது, குனியக்கூடாது, எதையும் தள்ளக்கூடாது. இப்படி ஆகும்படி என்னத்தைத் தள்ளினார் என்று விசாரித்தார். கார் என்றதும், பாட்டரி போய்விட்டதா என்றார்.

"இல்ல டாக்டர்" என்றாள் மனைவி. "பெட்ரோல் விலை."

வெள்ளிக்கிழமை காலையே சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். வீட்டில் யாரையும் கேட்கவில்லை. கேட்கப்பட வேண்டியவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

மெக்கானிக்கை வரவழைத்துப் பின் சீட்டைத் திரும்பப் பூட்டச் சொன்னாள். மகள்தான் கொஞ்சம் தகராறு செய்தாள், சோபா போகிறதே என்று. உபரி டயரும் ஜாக்கியும் ஏறின. சுவர்க் கடிகாரம் மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது, அவள் ஐந்தரைக்குக் கிளம்ப ஒரு கடிகாரம் வேண்டுமே. அவள் கார் ஓட்டுவதில் ஒரு வித்தையும் கிடையாது. வீட்டு வாசலிலேயே சாவியைத் திருப்பினாள். புழுங்கினால் ஏசி போட்டாள். காலையில் காலியாக இருக்கும் சாலையில் ஒரே வேகத்தில் போனாள். ஊசியை எவ்வளவு அழுத்த வேண்டுமோ அவ்வளவே அழுத்திப் பழகிய ஆள், காலுக்கும் அதே பழக்கம்.

இரண்டு மாதம் கழித்து அவர் வேலைக்குக் கிளம்பினார், ஏழேகால் பஸ்ஸில்.  பேக்கிங் மேற்பார்வையாளர் நகர்ந்து பக்கத்தில் இடம் கொடுத்தார். உட்கார்ந்து மூச்சு வாங்கும்வரை பொறுத்திருந்து, மிகுந்த அக்கறையோடு கேட்டார்.

"இப்ப எத்தனை கிலோ சார் இருக்கீங்க?"

கணக்கம்மாள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

அவர் இடுப்புப் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டார். ஆனால் மூன்றாம் நாளே ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள சீட்டுக்கு மாறி, எங்கே கியர் மாற்றுவது என்று சொல்லத் தொடங்கிவிட்டார். ஓட்டுநர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவைத்தார்.

அந்த மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம், டயரில் காற்று பார்க்கிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டு வெளியே போனார். ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து சாவியைப் பாதி திருப்பினார். பின் சீட் இருந்தது. உபரி டயர் இருந்தது. சீட்டில் மகளின் ஏழு கிலோ புத்தகப் பைகூட இருந்தது. எண் பத்தொன்பது புள்ளி மூன்று என்றிருந்தது. அணைத்துவிட்டு மறுபடி போட்டார். பத்தொன்பது புள்ளி மூன்று.

ரொம்ப நேரம் கழித்து உள்ளே வந்தார். மனைவி மறுநாள் பணிப் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தாள். இப்போது அவளுக்குக் கீழே நாலு பேர்.

"அந்தப் பக்கம் ரோடு எல்லாம் இறக்கமா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. போறப்ப."

"வர்றப்ப?"

அவள் எழுதுவதை நிறுத்தி அவரைப் பார்த்தாள். இடுப்பில் இன்னும் பெல்ட் கட்டியிருந்தார்.

"வர்றப்பவும் இறக்கந்தான்" என்றாள்.

அவர் முகம் தெளிந்தது. மறுநாள் பஸ்ஸில் மேற்பார்வையாளரிடம் அவரே அதை விளக்கிச் சொன்னார். அந்தச் சாலை ஒரு விசேஷமான சாலை, அதில் யார் ஓட்டினாலும் பத்தொன்பது கொடுக்கும்.