ஸ்கூட்டரின் பின் இருக்கை

அண்ணி எங்களைப் பிரிந்து இன்றோடு ஓராண்டு. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் பலருக்கு, அண்ணி என்றதும் ‘ஸ்கூட்டருக்குப் பயந்தவர்’ என்பதே நினைவுக்கு வரும். அந்தப் பெயரைப் பரப்பியவள் நான்.

நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டும் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர் அண்ணி. அண்ணனுக்குச் சுரங்கத்தில் வேலை பர்மனென்ட் ஆன வருடம் நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு வாழ வந்தார். அம்மா அதற்கு முன்பே காலமாகிவிட்டதால் பத்து வயதுப் பெண்ணான நானும் அவர் பொறுப்பானேன். எனக்குத் தலை பின்னியதும், காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டதும் அவர்தான். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

அண்ணிக்கு ஒரு குழந்தை பிறந்து நடை பழகிய சமயம், ஷிப்டுக்கு சைக்கிள் மிதித்தே அண்ணனுக்கு முழங்கால் வலி வந்தது. மோட்டார் சைக்கிளா, ஸ்கூட்டரா என்று ஒரு மாதம் குழம்பினார். முடிவு செய்தவர் அண்ணி.

“மோட்டார் சைக்கிளு ரொம்ப பெட்ரோல் குடிக்குமாமுங்க. ஸ்கூட்டர்னா கொழந்த முன்னால நின்னுக்கும். ஞாயித்துக்கெழம நாலு பேரும் கடலூரு போயி கடலப் பாத்துட்டு வந்துடலாம்” என்றார்.

பக்கத்து வீட்டுக்காரரின் ஸ்கூட்டரில் நீள சீட்டு இருந்தது. அண்ணி அதைச் சாண் போட்டு அளந்து வந்து, அதே அளவுக்குள் எங்களை வீட்டு பெஞ்சில் நெருக்கி உட்காரவைத்துப் பார்த்தார். இடம் இருந்தது. பிறகு அண்ணன் அந்த வண்டியை இரவல் வாங்கி, அண்ணியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பிளாக்கை ஒரு சுற்றுச் சுற்றினார். தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த நான் பார்த்தேன். அண்ணி சிரித்துக்கொண்டே வந்தார். பிடியை விட்டுவிட்டு எனக்குக் கையாட்டினார்.

பதிவு செய்து, வருடக்கணக்கில் காத்திருந்து வந்த எங்கள் வண்டியில் நீள சீட்டு இல்லை. ஓட்டுபவருக்கு ஒன்று, பின்னால் ஒருவருக்கு ஒன்று எனத் தனித்தனி இருக்கைகள். யாராவது ஒருவர் இறங்கியாக வேண்டும். நான் அழுதேன். “அம்மா இருந்திருந்தா என்னை விட்டுட்டுப் போவாங்களா?” என்று அண்ணியின் முகத்துக்கு நேரே கேட்டேன்.

அண்ணி என் கண்ணைத் துடைத்துவிட்டார். பிறகு அண்ணனிடம், “பாப்பா ஒக்காரட்டுங்க. அன்னிக்கு ஒரு சுத்து வந்ததுக்கே எனக்கு பயமாயிடுச்சி” என்றார்.

அது பொய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் ஏறி உட்கார்ந்தேன். ஞாயிறுதோறும் அவர் கட்டிக்கொடுத்த புளிச்சோற்றைக் கடற்கரையில் நாங்கள் மூவரும் தின்றோம். அவர் வீட்டில் இருந்தார். அதுவும் போதாதென்று, அவர் தம்பியின் கல்யாணப் பந்தியில், “எங்க அண்ணி பயந்தாங்கொள்ளி” என்று கேலி செய்து எல்லோரையும் சிரிக்கவைத்தேன். அண்ணியும் சேர்ந்து சிரித்தார்.

ஒருமுறை அண்ணன், நீள சீட்டு மாட்டிவிடலாமா என்று கேட்டார். “அண்ணிதான் பயப்படுறாங்களே, எதுக்குண்ணா?” என்றேன். நெருக்கி உட்கார எனக்கு மனமில்லை. அந்தப் பேச்சு அதோடு போயிற்று.

சென்ற ஆண்டு மஞ்சள் காமாலையில் படுத்தவர் எழவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு மாலை என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“அன்னிக்கு நீ கொழாயாண்ட நின்னு பாத்துகினு இருந்த. நான் சிரிச்சிகினு வந்தத ஒங்க அண்ணங்கிட்ட சொல்லிடுவியோன்னுதான் பயந்துகினு இருந்தேன். நீ சொல்லல. எம் மனசு தெரிஞ்ச பொண்ணு நீ.”

எனக்காக நான் காத்த மௌனத்தை, அவருக்காகக் காத்தது என்று நினைத்துவிட்டார். இல்லை என்று சொல்ல அப்போதும் எனக்கு வாய் வரவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார்.

இரவு பகல் பாராமல் கவனித்த நர்ஸம்மாக்களுக்கும், ஷிப்ட் மாற்றிக்கொண்டு அண்ணனுக்குத் துணை நின்ற தோழர்களுக்கும், பதினாறு நாளும் எங்களுக்குச் சோறு கொண்டுவந்த பிளாக் தாய்மார்களுக்கும் எங்கள் நன்றி. அன்று ஸ்கூட்டரை இரவல் கொடுத்த பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்குத் தனியாக ஒரு நன்றி. அண்ணி ஏறிப்போனது அந்த ஒரு சுற்றுதான்.

அண்ணா, நீங்கள் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தீர்கள், பின்னால் இருந்த முகம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. அண்ணி பயப்படவே இல்லை.