துப்பாக்கிக் கட்டையில் இருந்த நாமம்

எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு பழைய பட்டாளத்துத் துப்பாக்கி தொங்கிக்கொண்டிருந்தது. நான் கல்யாணமாகி ராஜபாளையம் வந்த நாளிலிருந்து அது அங்கேதான். என் மாமனார் பட்டாளத்தில் சமையல் வேலை பார்த்தவர். ஊருக்கு வந்த பிறகு அய்யனார் கோவில் போகிற வழியில் ஒரு மாந்தோப்புக்குக் காவல் இருந்தார். அவருக்குப் பிறகு அதே தோப்புக்கு என் வீட்டுக்காரர். ரெண்டு பேரும் அதைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் போவார்கள். அது வெடித்த சத்தத்தை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. ஏன் சுடுவதே இல்லை என்று கேட்டால், மாங்காய் திருட வர்றவன் பார்த்தாலே ஓடிருவான், எதுக்குச் சுடணும் என்பார்கள்.

தோளில் முட்டுக்கொடுக்கிற மரக்கட்டையில் சில குறிகள் வெட்டியிருந்தன. மேலே நாமம் மாதிரி ஒன்று. அதன் அடியைத் தொட்டாற்போல, தண்ணீரில் நிழல் தெரிகிற மாதிரி, தலைகீழாக இன்னொரு நாமம். அதற்கும் கீழே ரெண்டு இங்கிலீஷ் எழுத்து. என் மாமியார் அதைப் பெருமாள் குறி என்றுதான் நம்பியிருந்தார். புரட்டாசிச் சனிக்கிழமையிலும் ஆயுத பூஜையிலும் அதில் சந்தனம் வைத்துக் குங்குமம் இடுவார். அவர் போன பிறகு நான் இட்டேன். அந்த எழுத்து ஒரு வெள்ளைக்காரத் துரையின் பெயருக்கு முன்னெழுத்து என்றும், சண்டையில் தன் அப்பா சமைத்துப் போட்ட ருசிக்காக அந்தத் துரை தன் சொந்தத் துப்பாக்கியையே கொடுத்துவிட்டார் என்றும் வீட்டுக்காரர் சொல்வார். நான் அஞ்சாவதோடு நின்றவள். எனக்கு என்ன தெரியும்.

போன பங்குனியில் வீட்டுக்காரர் தவறிவிட்டார். அடுத்து தேர்தல் வந்தது. துப்பாக்கி வைத்திருப்பவர்கள் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்று பேச்சு வந்ததும் என் மூத்த மகன் பீரோவைக் குடைந்தான். லைசென்ஸ் என்று ஒரு காகிதமும் இல்லை. அவன் கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் பஸ் ஓட்டுகிறான். ஒரு கேஸ் வந்தால் அந்த வேலை போய்விடும். தாத்தா இதைப் பட்டாளத்தில் இருந்து திருடிக்கொண்டு வந்திருந்தால் என்ன செய்வது என்றுதான் அவனுக்குப் பயம். அந்தக் குறி என்ன சொல்லுது என்று தெரியாமல் ஸ்டேஷன் வாசலை மிதிக்க மாட்டேன் என்றான். ராத்திரிச் சாப்பாடு இறங்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பான்.

எனக்கு அந்தத் துப்பாக்கி மேல் இருந்த வருத்தம் வேறு.

எனக்கு அண்ணன் ஒருத்தர் இருந்தார், ஸ்ரீவில்லிபுத்தூரில். இந்த மூத்தவன் கைக்குழந்தையாக இருந்தபோது வீட்டுக்காரர் என் மேல் கை நீட்டிவிட்டார் என்று கேள்விப்பட்டு, என்னைக் கூட்டிப்போக வந்தார். வாசலில் நின்றே, "கெளம்புட்டி" என்றார். நான் பிள்ளையைத் தூக்குவதற்குள் வீட்டுக்காரர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு நிலைப்படிக்குப் போய்விட்டார். நீட்டவில்லை. சும்மா குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணன் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதோடு எங்கள் வீட்டுப் பக்கம் அவர் வரவே இல்லை. ஆயுத பூஜை அன்று பொரிகடலை வாங்கிக்கொள்ள வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் வீட்டுக்காரர் இந்தக் கதையைச் சொல்லுவார். "எம் மச்சினன் அன்னைக்கு பஸ்ஸை விரட்டிப் பிடிச்ச வேகம் இருக்கே, டிரைவரே பயந்துட்டான்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நான் அடுப்படியில் இருந்துகொள்வேன். அண்ணன் சாவுக்குத்தான் நான் அந்த வீட்டுக்குப் போனேன். தூக்கியதும் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

மகன் வேலை பார்க்கிற காலேஜ் கேட்டில் செக்யூரிட்டியாக ஒருவர் இருக்கிறார். வன்னியம்பட்டிக்காரர். பட்டாளத்தில் ஆயுத ஸ்டோரில் இருந்தவராம். மகன் அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூட்டி வந்தான். காப்பியைக் கூட அப்புறம் குடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, துப்பாக்கியை இறக்கிப் பாயில் வைத்தார். கட்டையில் சந்தனம் ஏடு ஏடாகப் பிடித்திருந்தது. ஈரத்துணியும் ஊக்கும் கேட்டார். நான் இட்ட குங்குமமெல்லாம் துணியில் வந்தது.

கட்டையைத் திருப்பிப் பிடித்துக் காட்டினார். அது நாமம் இல்லை, அம்பு. வெள்ளைக்காரன் காலத்தில் சர்க்கார் சாமான் எல்லாவற்றிலும் அந்த அம்பு இருக்குமாம். ஓர் அம்பு மட்டும் இருந்தால் சர்க்கார் சொத்து. ரெண்டு அம்பு முனையோடு முனை முட்டிக்கொண்டு இருந்தால், சர்க்கார் வேண்டாம் என்று கழித்து விற்றுவிட்டது என்று அர்த்தமாம். ஏலத்திலோ பழைய சாமான் கடையிலோ வாங்கியிருப்பார்கள் என்றார்.

மகன், "அப்ப திருட்டு இல்லையேண்ணே" என்று ரெண்டு தரம் கேட்டான்.

"இல்லப்பா. இன்னொண்ணு சொல்லுதேன் கேளு. இந்த எழுத்து தொரை பேரும் இல்ல. டி.பி. டிரில் பர்ப்பஸ். பரேடு பழகுத பயலுகளுக்குக் குடுக்கிறது. இது சுடாது."

பின்பக்கத்துக் கம்பியை இழுத்துக் கழற்றினார். தோட்டாவை இடிக்கிற ஊசியின் முனையை வெட்டியிருந்தார்கள். சுட முடியாதபடி குழாய் ஆரம்பிக்கிற இடத்தில் ஓர் ஓட்டையும் போட்டிருக்க வேண்டுமே என்று தடவினார். தட்டுப்படவில்லை. ஊக்கால் சுரண்டினார். கறுப்பாக மெழுகு வந்தது. கரியைக் குழைத்து, இரும்பு நிறத்துக்கு அடைத்திருந்தார்கள். மெழுகு இளக்கமாகத்தான் இருந்தது. பழைய மெழுகு இல்லை.

துப்பாக்கிக்கு எண்ணெய் போடும்போது வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொள்வார். பிள்ளைகள் தொட்டுவிடுவார்கள் என்பார்.

மகனுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. இத்தனை நாள் பாரம் இறங்கிய சிரிப்பு. "இந்த வெறகுக்காம்மா நம்ம அம்புட்டுப் பேரும் பயந்து கெடந்தோம்" என்றான். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அந்நிய ஆளிடம் நான் பேசுகிறவள் இல்லை. அன்றைக்குக் கேட்டுவிட்டேன்.

"வாசல்ல நிக்கிற ஆளுக்கு இது சுடாதுன்னு தெரியுமாய்யா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "தெரியாது ஆச்சி. எனக்கே கையில வாங்குன பொறவுதான தெரியுது. நெசத் துப்பாக்கின்னுதான் எவனும் நெனப்பான்."

மறுநாள் அவரும் மகனுமாகப் போய் ஸ்டேஷனில் விவரம் சொல்லி ஒப்படைத்துவிட்டு வந்தார்கள். திரும்ப வேணுமா என்று அங்கே கேட்டார்களாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்றான் மகன். நல்லது என்றேன்.

அந்த வாரமே ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறி அண்ணன் வீட்டுக்கு, மதினியைப் பார்க்கப் போனேன். மதினி முறத்தில் புளியைப் போட்டுக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததெல்லாம் மறந்துபோய், முன்னும் பின்னுமாகச் சொன்னேன். அந்தத் துப்பாக்கி பொய்த் துப்பாக்கி. ஆனால் அண்ணனுக்கு அது தெரிந்திருக்க முடியாது. பட்டாளத்தில் இருந்தவரே கையில் வாங்கித்தான் கண்டுபிடித்தார். அண்ணன் ஒண்ணும் கோழை இல்லை.

மதினி கை நிற்கவில்லை.

"பயந்துதான் வந்தாவ. வந்ததும் ஒரு செம்புத் தண்ணி குடிச்சாவ. அதுல என்ன இருக்கு? எனக்கு இங்க ரெண்டு பிள்ளை இருந்துச்சு. திரும்பி வந்தாவளேன்னு நான் சாமி கும்பிட்டேன்." அடுத்த புளியை எடுத்துக்கொண்டே, "ஒன்னையும் கூட்டிட்டு வந்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றார்.

முறத்தைக் கொஞ்சம் என் பக்கம் இழுத்து நானும் புளியை எடுத்துப் பிரித்தேன். சோறு ஆகட்டும், தின்னுட்டுப் போகலாம் என்றார் மதினி. சரி என்றேன்.