மணிமேகலை அடுப்பைப் பற்றவைக்காத நாள்

சாணார்பட்டிக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளியில் பதினாலு வருஷமாகச் சத்துணவு சமைப்பவள் மணிமேகலை. பருப்பு அடிப்பிடிக்கப் போவதைக்கூட முன்கூட்டியே மோந்து சொல்லிவிடுவாள். அந்த மூக்குதான் போன பங்குனியில் அவளை ஓரிடத்தில் உட்காரவிடாமல் செய்தது.

பள்ளியின் போர்வெல் தண்ணீரைக் குண்டானில் ஊற்றிச் சூடாக்கியதும் ஒரு வாடை எழுந்தது. மண்ணெண்ணெய் இல்லை. பெயின்ட் கலக்கும் டர்பன்டைன் போலத் தொண்டையைக் கரித்தது.

"டீச்சர், தண்ணி சரியில்ல. செத்த மோந்து பாருங்க."

தலைமையாசிரியை ஜோஸ்பின் டம்ளரை மூக்கருகே கொண்டுபோனார். "எனக்கு ஒண்ணும் தெரியலயே மேகலை. புதுக் குழாய் வாடையா இருக்கும்."

வீட்டில் புருஷன் அய்யனார் சிரித்தான். "ஊருல ஒனக்கு மட்டுந்தேன் வாடை வருது."

ஆனாலும் ஜோஸ்பின் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார். உப்பும் கிருமியும் அளவோடுதான் இருக்கின்றன, குடிக்கலாம் என்று பதில் வந்தது. எல்லோருக்கும் அதோடு சமாதானம். மணிமேகலைக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. சில பிள்ளைகள் தண்ணீர் கசக்கிறதென்று வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவரத் தொடங்கியிருந்தார்கள்.

பள்ளிக்கு மேற்கே மேட்டில் ஒரு பெட்ரோல் பங்க். அங்கே வேலைபார்த்த பிராங்க்ளின் ஒருநாள் மகளைப் பள்ளியில் விட வந்தபோது, பங்கில் ஏதாவது ஒழுகுகிறதா என்று மணிமேகலை அவனிடமே கேட்டுவிட்டாள். அவன் அக்கம்பக்கம் பார்த்தான்.

"என் பேரச் சொல்லிராதீங்கக்கா. பூமிக்குள்ள இருக்க டாங்குல கோல் விட்டு அளந்தா வித்த கணக்குக்கு மேல தெனமும் கொறையுது. மொதலாளிட்ட சொன்னேன். வெயில்ல ஆவியாப் போயிருக்கும்னு சொல்லிட்டாரு."

மறுநாள் காலை அவள் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. குண்டானைக் கவிழ்த்துவிட்டு வாசலில் நின்றாள். ஜோஸ்பினுக்கு முகம் சிவந்துவிட்டது.

"எம்பத்தாறு புள்ளைக பசியோட கெடக்கணுமா? மேல கேட்டா நான் என்ன சொல்ல?"

"பசி ஒரு வேளையோட போயிரும் டீச்சர். பங்க் டாங்கு ஒழுகுது, யாரு சொன்னான்னு கேக்காதீங்க. இந்தத் தண்ணிய என் கையால புள்ளைகளுக்கு ஊத்த மாட்டேன்."

ஜோஸ்பின் டிராக்டருக்குச் சொல்லித் தூரத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர் எடுத்துவரச் செய்தார். அன்று சோறு வடித்து முடிக்க மணி இரண்டானது. சாயங்காலமே, தண்ணீரில் பெட்ரோல் கலந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி கலெக்டருக்கு மனு எழுதினார்.

பெட்ரோல் கலந்திருக்கிறது என்று மூன்று வாரத்தில் முடிவு வந்தது. நேரில் வந்த அதிகாரி விளக்கினார்.

"எஞ்சின் தட்டாம ஓடணும்னு பெட்ரோல்ல ஒரு ரசாயனம் சேப்பாங்கம்மா. டாங்க் ஓட்டையானா பெட்ரோலுக்கு முந்தி அதுதான் தண்ணியில கரைஞ்சு ஓடிவரும். துளி இருந்தாலே சில பேரு மூக்குக்குத் தெரிஞ்சிரும். அதுக்குப் பின்னாடியே பெட்ரோல்ல இருக்க பென்சீன் வருது. ரத்தத்தக் கெடுக்கிறது அதுதான்."

டாங்கைத் தோண்டியபோது அடிப்பக்கம் துருவேறி அரித்திருந்தது. பங்கை மூடினார்கள், போர்வெல்லுக்கும் மூடி போட்டார்கள். வேலை போன பிராங்க்ளின் வேடசந்தூர் மில் வேலைக்குத் தினமும் பஸ்ஸேறினான். அவன் பேரை அவள் வெளியே விடவில்லை. ஆனாலும் அவனைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குத் தலை குனிந்தது. "விடுங்கக்கா, எம் மகளும் அந்தத் தண்ணியத்தான குடிச்சா?" என்றான் அவன்.

திண்டுக்கல்லில் பிள்ளைகளுக்கு ரத்தம் பார்த்தார்கள். இப்போதைக்குக் குறையில்லை, வருஷாவருஷம் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். எத்தனை மாதமாகக் குடித்தார்கள் என்றும் அவர் கேட்டார். பங்குனிக்கு முன்னால் தன் மூக்குக்கும் எட்டாமல் எத்தனை நாள் ஊற்றிக்கொடுத்தோமோ என்று மணிமேகலை விரல்விட்டு எண்ணத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினாள்.

கசிந்த பெட்ரோல் மண்ணுக்குள் இன்னும் கிழக்கே நகரலாம் என்று அதிகாரி சொல்லிப் போயிருந்தார். கிழக்கே முழுக்கத் தக்காளித் தோட்டமும் கிணறுகளும்தான். ஞாயிறு பூசை முடிந்ததும் ஜோஸ்பின் ஸ்கூட்டரில் வருகிறார். பின்னால் மணிமேகலை ஏறிக்கொள்கிறாள், மடியில் காலி பாட்டில்கள். இதுவரை ஒன்பது கிணறு மோந்தாயிற்று. பத்தாவதில் அவள் இரண்டுமுறை மோந்தாள். வாடையா இல்லையா, சொல்லத் தெரியவில்லை. பரிசோதனைக்கு அனுப்பப் பாட்டிலில் பிடித்து இறுக மூடிக்கொண்டாள்.