நல்ல சேதிக்குப் போட்ட பிரீமியம்

மகளைப் பிரசவத்துக்குச் சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக மருமகன் போன் செய்ததும், முதுநகரில் ஒரு வாடகைக் காரைப் பிடித்தேன். ஓட்டுநருக்கு மருதாணி பூசிய தாடி, தாராளமான தொந்தி. வண்டியைக் கிளப்பும் முன், குழந்தையைத் தூங்கவைப்பதுபோல் டேஷ்போர்டை மெல்லத் தட்டிக்கொடுத்தார்.

ஊரைத் தாண்டியதும் பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினார்.

"சாதாவா, பிரீமியமா பாய்?" என்று கேட்டாள் அங்கே வேலை பார்க்கும் பெண்.

"இந்தக் கெழட்டு வண்டிக்குச் சாதாவே ஜாஸ்திம்மா."

அப்போது என் போன் அடித்தது. பெண் குழந்தை, இருவரும் நலம் என்றார் மருமகன். போனை வைத்ததும் ஓட்டுநர் பக்கம் குனிந்தேன். "பேத்தி பாய்," என்று மட்டும் சொல்ல முடிந்தது.

அவர் முகமெல்லாம் சிரிப்பானது. "இரும்மா, பிரீமியமே போடு."

"எதுக்கு பாய்? வேகமாப் போகுமா?" என்றேன்.

"அதெல்லாம் ஒண்ணும் கெடையாது சார். நல்ல சேதி கேட்டா நாம ஸ்வீட் சாப்புடுறோம். இது பாவம், என்னா சாப்புடும்?"

கூடுதல் காசை நான் நீட்டியபோது வாங்க மறுத்தார். "என் வண்டிக்கு நான் வாங்கித் தர்றேன். நீங்க பேத்திக்கு வாங்குங்க."

வழி நெடுக, ரயில்வே கேட்டில் நின்றவர்களிடமும் டீக்கடையிலும் அவரே செய்தியைச் சொல்லிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் வாட்ச்மேன் மறித்ததும் கண்ணாடியை இறக்கி, "பேத்தி பொறந்திருக்கு, உள்ள விடுங்க," என்றார்.

"யாருக்கு, உங்களுக்கா பாய்?"

ஒரு கணம் யோசித்தார். "எங்களுக்கு," என்றார்.

பின்சீட்டில் இருந்த நான் அதைத் திருத்தவில்லை. எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.