பின்சுவரில் போகாத கறை

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது நடந்தது. அதுவும் நட்டநடுப் பகலில், வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தபோது. நடந்தது என்னோடு வேலை பார்க்கிறவளுக்கு. வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள். பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தாலே, "உங்களுக்கெல்லாம் வேற வேலை இல்லையா?" என்று எழுந்து போகிறவள் அவள்.

அவளுடைய அம்மா அண்ணன் வீட்டில் இருந்தாள். ஒரு மழைக்காலக் காலையில் அண்ணி போன் செய்தாள். "தூக்கத்துலயே போயிட்டாங்க. கஷ்டப்படல." சின்னவள் அடித்துப் பிடித்துக்கொண்டு போனாள். அம்மா கட்டிலில் கிடந்தாள். அவ்வளவுதான்.

மறுவருடம் அண்ணன் வீட்டை விற்கக் கிளம்பினான். மரப்பலகை வீடு. வெளிச்சுவரெல்லாம் பூஞ்சை பிடித்துக் கருத்துக் கிடந்தது. "வாங்க வர்றவன் மூஞ்சிய சுளிப்பான். லீவு போட்டு வந்து கொஞ்சம் கை குடு" என்றான். அம்மா உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் இப்படி வாய் நிறையக் கூப்பிட்டதில்லை. அந்த வயிற்றெரிச்சலோடுதான் அவள் போனாள்.

கையுறை மாட்டிக்கொண்டாள். வாளித் தண்ணீரில் பிளீச்சைக் கலந்தாள். பலகையில் பூசி, சற்று ஊறவிட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, குழாய்த் தண்ணீரை அடித்தால் கறுப்பு கரைந்து ஓடியது. முன்பக்கம் பளிச்சென்று ஆனது. இரண்டு பக்கச் சுவர்களும் அதேபோல் வெளுத்தன. அண்ணன் முன்னால் கேட்டைச் சரிசெய்துகொண்டிருந்தான். அண்ணி கடைக்குப் போயிருந்தாள்.

பின்சுவரும் வெளுத்தது. பின்கதவை ஒட்டி ஓர் இடம் மட்டும் மசியவில்லை.

தேய்த்தாள். வெளுத்தது. வாளியை நிரப்பிக்கொண்டு திரும்பினாள். மறுபடி கறுப்பு.

பிளீச்சைக் கூட்டிக் கலந்தாள். மூக்கு எரிந்தது, கண்ணில் நீர் வந்தது. தேய்த்தாள். போனது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

வந்திருந்தது.

அப்போதுதான் அதன் வடிவத்தைக் கவனித்தாள். தரையிலிருந்து அவள் இடுப்புயரம் வரைதான் இருந்தது. கீழே அகலம். மேலே குறுகி, உச்சியில் உருண்டையாக... யாரோ சுவரில் முதுகைச் சாய்த்து, தலையையும் சாய்த்து உட்கார்ந்த மாதிரி.

பக்கத்தில், கதவின் அடிப்பலகையில் சின்னச் சின்னக் கீற்றுகள். ஐந்து ஐந்தாக.

'மரத்துக்குள் நீர் இறங்கியிருக்கும்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பிரஷ்ஷை எடுத்தாள்.

டக்... டக்...

பிரஷ் கட்டை இடிக்கிறது என்று நினைத்தாள். கையை நிறுத்தினாள்.

டக்... டக்... டக்...

உள்ளே யாரும் இல்லை. பலகையில் காதை வைத்தாள். சத்தம் உள்ளேயிருந்து வரவில்லை.

வெளியே.

அவளுக்குப் பக்கத்தில். முழங்கால் உயரத்தில்.

வெயிலில் நின்றவளுக்குப் பல் கிட்டியது.

"குளிருதுடா..."

அம்மாவின் குரல். மூச்சு வாங்குகிற குரல்.

"கதவத் தொறடா..."

அம்மா அவளை 'டி' போட்டுத்தான் கூப்பிடுவாள். 'டா' எப்போதும் அண்ணனுக்கு.

வாளி உருண்டது. அவள் கத்திவிட்டாள்.

அண்ணன் ஓடிவந்தான். ஆனால் சுவர் மூலையிலேயே நின்றுவிட்டான். பின்பக்கம் காலடி எடுத்து வைக்கவில்லை.

"என்ன ஆச்சு?"

"அம்மா... அம்மா குரல்..."

"பிளீச் நெடி தலைக்கேறிடுச்சு உனக்கு. அந்தக் கறைய விடு. மேல பெயின்ட் அடிச்சுக்கலாம்."

அவன் நின்ற இடத்திலிருந்து அந்தச் சுவர் தெரியாது. கறையைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

அன்று சாயங்காலமே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வேலி ஓரம் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா நின்றிருந்தாள். வெளுத்துப்போயிருந்த சின்னவளின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அந்தப் பக்கம் தேய்ச்சியாம்மா?"

சின்னவள் தலையாட்டினாள்.

"உங்கிட்ட மறைச்சுட்டாங்க. உங்கம்மா கட்டில்ல போகல. காலையில முதல்ல பாத்தது நான்தான். பின்கதவுகிட்ட, சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தாங்க. ராத்திரி பூரா பேய்மழை. சொட்டச் சொட்ட நனைஞ்சு... கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்துச்சு. அப்புறம்தான் தூக்கிட்டுப் போயி படுக்க வெச்சாங்க."

"வெளிய எப்படிப் போனாங்க?"

"அது எனக்குத் தெரியாதும்மா. தட்டுற சத்தம் எனக்கும் கேட்டுச்சு. காத்துல கதவு அடிக்குதுன்னு திரும்பிப் படுத்துட்டேன். பாவி நான்."

"அண்ணனுக்குக் கேட்டிருக்காது" என்றாள் சின்னவள். "மழைச் சத்தத்துல... கேட்டிருக்காதுல்ல?"

தையல்காரம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அவன் ரூமுல லைட்டு எரிஞ்சுதும்மா. படுத்தபடியே ஜன்னல் வழியா பாத்தேன். எரிஞ்சுது... அப்புறம் அணைஞ்சுது. கதவு மட்டும் தொறக்கல."